பேருக்கு வந்த முகம்

நகல் என்றால் அச்சு அசலாக இருக்க வேண்டும். காலையில் கொழும்புக்கு அனுப்பிய படம் பிற்பகலில் திரும்பி வரும்போது கொஞ்சம் கனத்து வந்தால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று சர்மிளாவுக்குத் தெரியவில்லை. கோப்பின் பெயர் அதேதான். அளவு மட்டும் கூடியிருந்தது. மற்ற எல்லாப் படங்களும் போன மாதிரியே வந்திருந்தன. இந்த ஒன்றுதான் போன இடத்தில் எதையோ தின்றுவிட்டு வந்திருந்தது.

அது அவளுடைய அம்மாவின் படம்.

நாச்சிமலைத் தோட்டத்து ஆபீசின் கடைசி அறையில், பழைய உரச் சாக்குகளை ஓரம் தள்ளிவிட்டுத்தான் கணினிக்கு இடம் கொடுத்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே ஆடி மாதத்து மழை ஓய்ந்து, தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஏறி வந்த பனி தேயிலை மலையை அப்படியே விழுங்கிவிட்டிருந்தது. பட்டப் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. கீழே தொழிற்சாலையில் வாட்டும் கொழுந்தின் பச்சை வாடையும், ஈரச் சாக்கின் புழுங்கிய வாடையும், தொலைபேசி வயரைக் கடித்துக்கொண்டு கணினியைக் கொழும்போடு இணைக்கும் சின்னப் பெட்டி சூடாகும்போது வருகிற கருகல் வாடையும் ஒன்றாய்ச் சேர்ந்து அறையில் நின்றன. இந்த வாடைக்கு அவள் பழகிப்போயிருந்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் என்ற பெருமைக்காக எந்த வாடையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. தொழிலாளர் எல்லோருக்கும் புதிதாக அட்டை கொடுக்கப்போகிறார்கள். வேலைக்கு வந்ததும் அட்டையைக் காட்டினால் போதும். அதற்காக அவள்தான் ஒவ்வொருவரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். அந்தப் படங்களைக் கம்பனியின் கொழும்புக் கணினிக்கு அனுப்புவாள். மழைக்காலத்தில் லைன் அறுந்து அறுந்து வருவதால், அனுப்பியதைத் திரும்ப இறக்கி, முழுசாகப் போயிருக்கிறதா என்று அளவைச் சரிபார்ப்பாள். கறுப்புத் திரையில் ஒரு வரிதான் எழுத வேண்டும். முதலில் எங்கிருந்து, அடுத்து எங்கே.

இதைச் சொல்லிக் கொடுத்தவர் கொழும்பு ஆபீசில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் உமாசுதன். யாழ்ப்பாணத்துக்காரர். ஆளை அவள் பார்த்ததில்லை, தொலைபேசிக் குரல் மட்டும்தான். "இது பாதுகாப்பான வழி தங்கச்சி. நடுவில நிண்டு ஒருத்தரும் எட்டிப் பாக்கேலாது, ஒண்டையும் மாத்தேலாது" என்று பெருமையாகச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். இறக்குவதை வேறொரு இடத்தில் இறக்க வேண்டும். அதே இடத்தில் இறக்கினால், அதே பெயரில் இங்கே இருப்பதன்மேல் வந்தது ஏறி உட்கார்ந்துவிடும், கணினி ஒரு வார்த்தை கேட்காது. சர்மிளா தலையாட்டினாள். வேறு இடம் திறக்கச் சோம்பல். அதே இடத்தில்தான் இறக்கிக்கொண்டிருந்தாள்.

படத்தைத் திறந்து பார்த்தாள். அம்மாதான். பெரட்டுக்களத்துச் சுவரில் கட்டிய வெள்ளைத் துணிக்கு முன்னால், கழுத்துவரை பூட்டிய சட்டையோடு, யாரோ திட்டினமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் ஏதோ குறைந்தது. சர்மிளா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். அம்மாவின் கீழ் உதட்டுக்கடியில் மிளகு அளவில் ஒரு மச்சம் உண்டு. சின்ன வயதில் அதைக் கிள்ளி எடுக்கப் பார்த்து அடி வாங்கியிருக்கிறாள். படத்தில் அது இல்லை.

லைன் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னொரு முறை இறக்கினாள். வயர்ப் பெட்டி கீச்சிட்டது. விழுக்காடு மெதுவாக ஏறியது. இந்தத் தடவை அளவு இன்னும் கூடியிருந்தது. திறந்தாள். மச்சம் இல்லாத அந்த முகத்தில் இப்போது கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு. அம்மாவுக்குப் புருவத்தில் வெட்டு கிடையாது.

யாரிடமாவது சொல்லலாம்தான். ஆனால் இந்தப் படத்தைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் வாய் திறக்க முடியாது. ஏனென்றால் அம்மாவின் பெயர் அம்மாக்கண்ணு. படத்தின் பெயர் மீனம்மா.

தோட்டத்தில் பேர் என்பது வெறுமனே கூப்பிடுகிற பெயர் அல்ல. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். முழு நாளைக்கு முழுப்பேர், கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பேர் பதிந்திருந்தால்தான் லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா. மீனம்மா, அம்மாவின் அக்கா. சர்மிளா பிறப்பதற்கு முன்பே மண் சரிந்து செத்துப்போனவள். பேர் பதியாமல் அலைந்துகொண்டிருந்த தங்கை, மறுநாள் காலையில் மீனம்மா என்று கூப்பிட்டபோது கையைத் தூக்கினாள். அன்றிலிருந்து மலையில் மீனம்மா, வீட்டில் அம்மாக்கண்ணு. இப்படி அடுத்தவர் பேரில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. லயத்துக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியாது. தெரிந்தால் பேரை வெட்டுவார்கள், காம்பராவையும் பிடுங்குவார்கள். அப்பா போன பிறகு சர்மிளாவுக்கு இருப்பது அந்தக் காம்பராவும் அம்மாவும்தான்.

படம் எடுத்த அன்றைக்கு அம்மா துணிக்கு முன்னால் நிற்கவே மாட்டேன் என்றாள்.

"இத்தன வருசமா பேரு மட்டுந்தான் கேட்டாங்க. இப்ப மூஞ்சியும் வேணுமாமா?"

"எல்லாருக்கும்தான் எடுக்குறாங்க. நேரா நில்லும்மா."

"அக்கா பேருக்கு என் மூஞ்சியக் குடுக்கச் சொல்றியா புள்ள?"

சர்மிளா சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்து நெஞ்சில் இடித்தது.

அன்றைக்கு வேலை விட்டு இறங்கும்போது பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. பாதை தெரியவில்லை, காலுக்கடியில் சரளைக்கல் நெரிபடும் சத்தத்தை வைத்துத்தான் நடந்தாள். லயத்துக்கு முன்னால் கொழுந்துப் பெண்கள் தலையில் சாக்கோடு ஒவ்வொருவராகப் பனியிலிருந்து வெளிவந்து ஒவ்வொரு வாசலாக நுழைந்தார்கள். அம்மாவும் வந்தாள். சர்மிளா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அம்மா தங்கள் கதவைத் தாண்டிப் போனாள். பக்கத்துக் கதவையும் தாண்டினாள். லயம் முடிந்து, பின்னால் மேட்டில் தேயிலை தொடங்குகிற இடத்தில் போய் நின்றாள். பழைய லயம் இருந்த இடம் அது. மண் மூடிய பிறகு அதன்மேல் தேயிலையை நட்டுவிட்டார்கள்.

"அம்மா, எங்க போற?"

அம்மா மெதுவாகத் திரும்பினாள். முகத்தில் மழைத்தண்ணி வழிந்தது.

"கதவ எங்கன்னு தேடுறேன்" என்றாள்.

களைப்பு. பனியில் யாருக்கும் தடுமாறும். சர்மிளா கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். கை சில்லென்று இருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது விளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் உதட்டுக்கடியைப் பார்த்தாள். மச்சம் இருந்தது. இருந்தது, ஆனால் அழிரப்பர் வைத்துத் தேய்த்த மாதிரி மங்கியிருந்தது.

மறுநாள் பிற்பகலில் பெரிய கிளாக்கர் ஊருக்குப் போயிருந்தார். ஆபீஸ் காவலாளி செல்லசாமி சாயத்தண்ணியும் உள்ளங்கையில் சீனியும் கொண்டுவந்தார். வந்தவர் திரையைப் பார்த்தார். கிளாஸ் சாய்ந்து தேத்தண்ணி மேசையில் கொட்டியது.

"இந்தப் படத்த எங்கன புடிச்ச புள்ள?"

"பெரட்டுக்களத்துலதான் தாத்தா. பேரு போட்டிருக்கே."

"பேரச் சொல்லல. ஆளச் சொல்றேன். இது ஒன் பெரியம்மால்ல. சின்னதுல பீலியில தண்ணி எடுக்கப் போயி வழுக்கி விழுந்து புருவத்த வெட்டிக்கிச்சு, நாந்தான் தூக்கிக்கிட்டு ஓடுனேன். அதுக்கு போட்டோவே எடுத்ததில்லையே."

சர்மிளா திரையைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றுப் பார்த்ததைவிடப் படம் மாறியிருந்தது. காலையில் பழக்கதோஷத்தில் எல்லாப் படங்களையும் மறுபடி இறக்கியிருந்தாள். இதுவும் அதில் சேர்ந்து வந்திருந்தது. இப்போது அதில் நிற்பவளுக்குச் சுருக்கமே இல்லை. சர்மிளாவின் வயதுதான் இருக்கும். சட்டை அம்மாவின் சட்டை.

"அன்னைக்கு என்னா நடந்துச்சு தாத்தா?"

செல்லசாமி கொட்டிய தேத்தண்ணியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"இதே மாதிரி மழ. எல்லாரும் கோயில்ல ஒதுங்கிட்டோம், இது மட்டும் காம்பராவுக்குள்ள. மேலேருந்து மண்ணு வந்துருச்சு. மம்பட்டி எடுத்து தோண்டுனோம். உள்ளுக்குள்ள தட்டுற சத்தம் கேட்டுச்சு, அத வச்சு தோண்டுனோம். பொழுது சாயயில ஒங்கம்மா வந்து, போதும் மாமா, அக்கா போயிருச்சு, செத்த ஒடம்ப எடுத்து என்னா செய்யப் போறோம், அங்கயே கெடக்கட்டும்னு சொல்லுச்சு."

"சத்தம் நின்னுருச்சா?"

"ஒங்கம்மா நின்னுருச்சுன்னு சொல்லுச்சு." துணியை மடித்தார். "எனக்கு கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. மழைச் சத்தமாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் போன பிறகும் சர்மிளா அசையவில்லை. கதை அவளுக்குத் தெரிந்ததுதான். மம்பட்டியை நிறுத்தச் சொன்னது யார் என்பதுதான் தெரியாமல் இருந்தது. உடம்பை வெளியே எடுத்தால் சாவைப் பதிய வேண்டும். சாவைப் பதிந்தால் பேரை வெட்டுவார்கள். உயிரோடு எடுத்தாலும் பேர் அவளுடையது. எப்படி எடுத்தாலும் தங்கைக்குப் பேர் இல்லை. அம்மாவை நினைத்து அவளுக்கு அருவருப்பு வந்தது. அந்த அருவருப்பு தீர்வதற்குள் அழுகையும் வந்தது. அந்தப் பேரில்தான் அவளுக்குச் சோறு போட்டாள், அந்தப் பேரில்தான் அட்டனுக்குக் கணினி வகுப்புக்கு அனுப்பினாள்.

வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கித் தொலைபேசியில் மாட்டி உமாசுதனைக் கூப்பிட்டாள்.

"சேர், நேத்து எறக்குன படத்துல ஒண்ணு அளவு மாறி வருதுங்க."

"நேற்றோ? நேற்று எப்பிடித் தங்கச்சி இறக்கினனீங்கள்? திங்கக்கிழமையில இருந்து உங்கட தோட்டத்தில இருந்து ஒருத்தரும் எங்கட கணினிக்குள்ள வரேல்லையே. லைன் பழுதாக்கும் எண்டெல்லோ இருந்தனான்."

"இல்லீங்க சேர். தெனமும் அனுப்புறேன். முழுசாப் போகுதுங்க."

"எங்க போகுது?"

அவள் கறுப்புத் திரையைப் பார்த்தாள்.

"தங்கச்சி, திங்கக்கிழமை கணினி உங்களிட்ட ஏதும் கேட்டதோ?"

"கேட்டுச்சுங்க. அந்தப் பக்கம் இருக்கிறது ஒனக்குத் தெரிஞ்ச கணினி இல்ல, இருந்தாலும் போகவான்னு கேட்டுச்சு."

"நீங்கள் என்ன குடுத்தனீங்கள்?"

"ஆமான்னு குடுத்தேன்."

"அப்பிடிக் கேட்டா உடன எனக்கு போன் அடியுங்கோ எண்டு சொன்னனான்."

ஒரே வயர். பெட்டியில் இருந்தால் தொலைபேசி இல்லை, தொலைபேசியில் இருந்தால் பெட்டி இல்லை. கூப்பிட வேண்டுமென்றால் முதலிலிருந்து எல்லாம் தொடங்க வேண்டும். ஆமாம் என்று எழுதுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

"இனி அதில கை வையாதேங்கோ. நாளைக்கு ஆள் அனுப்புறன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, உங்கட பக்கத்தில ஆரோ கதவைத் தட்டீனம் போல. போய்ப் பாருங்கோ."

சர்மிளா கதவைப் பார்த்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே பனி. யாருமில்லை. தட்டுகிற சத்தம் காதில் வைத்திருந்த தொலைபேசிக்குள்ளிருந்து வந்தது; ஈர மரத்தில் கையால் தட்டுவது போல, விட்டு விட்டு, அலுத்துப்போன தட்டல்.

"இந்தப் பக்கம் இல்லீங்க சேர்" என்றாள்.

நடுவில் யாரும் தொட முடியாது என்றால், வந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். அம்மா மலைக்குப் போகாமல் திரும்பிவிட்டதாகப் பக்கத்துக் காம்பராக்காரி சொன்னாள். "கூப்புட்டா திரும்பவே மாட்டேங்குது, காது அடச்சிருக்கும் போல" என்றாள். உள்ளே அடுப்பு எரியவில்லை. சேறு வாடை. தோண்டிய குழியின் வாடை. அம்மா சுவரோரம் குந்தியிருந்தாள். முகத்தைத் தூக்கினாள். மச்சம் இல்லை. புருவத்தில் வெட்டு. கழுத்துக்குக் கீழே அம்மாவின் சுருங்கிய கை, அம்மாவின் நரம்பு. கழுத்துக்கு மேலே ஒரு குமரி.

"நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று அன்பாகக் கேட்டது அந்த முகம்.

"அம்மா, நான் சர்மிளாம்மா."

கண்கள் அவளைத் தடவிப் பார்த்தன. அடையாளம் தெரியவில்லை. தெரிய நியாயமில்லை, சர்மிளா பிறப்பதற்கு முன்னால் மூடிய கண்கள். பிறகு எங்கோ அடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, தொண்டையில் மண் அடைத்த மாதிரி.

"சர்மி, என்னைய விட்டுறாத புள்ள."

அவ்வளவுதான். கண்கள் மறுபடி அந்நியமாகிவிட்டன.

சர்மிளா மறுபடியும் ஆபீசுக்கு ஓடினாள். ஏறுவழியெல்லாம் மூச்சு இரைக்க ஒரே ஒரு நினைப்புதான். அம்மாவை மீட்க வேண்டும். செய்தது சரியோ தப்போ, அம்மா அம்மாதான். ஒவ்வொரு தடவை அந்தப் படத்தை இறக்கும்போதும் இங்கே இருந்ததன்மேல் அங்கே இருந்தது ஏறி உட்கார்ந்திருக்கிறது. அழித்துவிடலாமா? அழித்தால் அந்தப் பேருக்கு முகமே இல்லாமல் போகும், அம்மாவுக்கு என்ன ஆகுமோ. அழிக்கப் பயமாக இருந்தது. ஆனால் முதலில் எடுத்த படம் கேமராவில் இன்னும் இருக்கிறது. அதை அனுப்பினால்? அங்கே இருப்பதன்மேல் அம்மாவின் உண்மையான முகம் ஏறி உட்காரும். அந்த முகம் ஒழியும். பேர் அம்மாவோடு நிற்கும்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. செல்லசாமி கதவைத் திறந்துவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். அவள் கேமராவைத் திறந்து அந்தச் சின்னத் திரையில் பார்த்தாள். அம்மா. மச்சம். யாரோ திட்டினமாதிரி முகம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

வயரை மாட்டினாள். பெட்டி கீச்சிட்டது. அந்தக் கீச்சொலிக்கு அடியில் தட்டல். கறுப்புத் திரை விழித்தது. முதலில் எங்கிருந்து. கேமரா. அடுத்து எங்கே. அந்தப் பக்கம். பெயர் மீனம்மா. எழுத்துப் பிசகியது. அழித்தாள். மறுபடி எழுதினாள்.

விழுக்காடு ஏறியது. தட்டல் வேகமானது. சன்னல் கண்ணாடி மூடுபனியில் வெளுத்திருந்தது. பாதியில் நின்றது. போ. போயிரு. போயிரும்மா. நகர்ந்தது. பெட்டி சூடாகிக் கருகல் வாடை வந்தது. தட்டல் இப்போது மேசைக்கடியில். சுவரில். எல்லா இடத்திலும்.

நூறு.

தட்டல் நின்றது.

எவ்வளவு அமைதி. மழைத்தண்ணி பீலியில் ஒழுகும் சத்தம்கூட வாஞ்சையாகக் கேட்டது. சர்மிளா மேசையில் தலையை வைத்து அழுதாள், சிரித்தாள். வயரைப் பிடுங்கினாள். இனிமேல் அது பேசாது. செல்லசாமியிடம் "எல்லாம் சரியாயிருச்சு தாத்தா" என்று சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

லயத்தில் விளக்குகள் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவர்கள் காம்பராவில் அடுப்பு எரிந்தது, ரொட்டி சுடும் வாசம் வந்தது. அடுப்புக்கு முன்னால் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் சேலை, அம்மாவின் கொண்டை. சர்மிளாவுக்கு உடம்பெல்லாம் இளகியது.

"அம்மா."

திரும்பவில்லை. மாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டுகிற கை, சுருக்கமில்லாத கை. விறகு வெடித்ததில் கேட்டிருக்காது என்று நினைத்து, விளையாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரிப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அம்மாக்கண்ணு."

"என்னாடி சர்மி" என்று பதில் வந்தது. அம்மாவின் குரல். தெளிவாக. அடுப்பிலிருந்து அல்ல. பின்சுவருக்கு அப்பால் மேட்டிலிருந்து. மண்ணுக்குள்ளிருந்து.

சர்மிளாவுக்கு இப்போதுதான் உறைத்தது. இங்கே கணினியில் இருந்த படத்தை அவள் மாற்றவேயில்லை. இங்கே இருப்பது அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். அங்கே இருந்தவளின் இடத்தில் இப்போது இருப்பது அம்மா. அவள்தான் அனுப்பினாள். முழுசாக. நூறு விழுக்காடு.

"மீனம்மா" என்றாள், குரலே எழும்பாமல்.

அடுப்புக்கு முன்னால் இருந்தவள் உடனே திரும்பினாள். புருவத்தில் வெட்டு. மாவு ஒட்டிய கன்னம். பேர் சொல்லிக் கூப்பிட்ட சந்தோசத்தில் அந்த இளம் முகம் மலர்ந்தது.

சர்மிளா பின்கதவால் பாய்ந்தாள். தண்ணி ஓடும் கானுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த மம்பட்டியை எடுத்தாள். மேடு. தேயிலைத் தூர். வேர். வெட்டினாள். "சர்மி, இருட்டா இருக்கு புள்ள." வெட்டினாள். தோண்டிய பள்ளத்தில் சேறு வழிந்து நிரம்பியது. "சர்மி." குரல் இப்போது இன்னும் ஆழத்தில். வெட்டினாள். மம்பட்டியைப் போட்டுவிட்டுக் கையால் வாரினாள். நகம் பெயர்ந்தது. உள்ளே தட்டல். கிட்டத்தில். இல்லை, தூரத்தில்.

பின்னால் வெளிச்சம் வந்தது. அடுப்படியில் இருந்தவள் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து, தங்கை மகளுக்கு உதவி செய்கிறவளைப் போலப் பக்கத்தில் குந்தி, பள்ளத்துக்குள் நன்றாகத் தெரிகிற மாதிரி ஆடாமல் பிடித்துக்கொண்டாள். பனிக்குள் லயத்திலிருந்து யாரோ, "யாரு அங்குட்டு? என்னா சத்தம்?" என்று கேட்டார்கள்.

"நாந்தாங்க, மீனம்மா" என்றாள் அவள்.

வெளிச்சத்தில் சேறு அசைந்தது. விரல்கள் வெளியே வந்தன. தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், கிழ விரல்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து காற்றைக் கிள்ளின, விட்டன, மறுபடி கிள்ளின. இருட்டில் தடவித் தடவிக் கொழுந்து எடுத்தன. சர்மிளா இரண்டு கையாலும் அவற்றைப் பற்றி இழுத்தாள். இழுக்க இழுக்க அவை உள்ளே போய்க்கொண்டிருந்தன.